கார்டில் கட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல்: கேட்க உரிமை உண்டா?

வாசகர் கேள்வி, 2025 ஆகஸ்ட் 3

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் மடிக்கணினி வாங்கினேன். 41,000 ரூபாய்க்கு விலை பேசி முடித்து டெபிட் கார்டை நீட்டியபோதுதான், "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேரும் சார்" என்றார்கள். ஸ்லிப்பில் 41,820 ரூபாய் என்று இருக்கிறது. பில்லில் 41,000 மட்டுமே இருக்கிறது. இது வங்கி வாங்கும் கட்டணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையிலேயே அப்படித்தானா?

ஆகஸ்ட் 3, இரவு

உண்மை அதில் பாதிதான். சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் என் தொழில் என்பதால், மேசையின் அந்தப் பக்கத்துத் தாள்களையும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒவ்வொரு கார்டு பரிவர்த்தனைக்கும் கடைக்கு மிஷின் கொடுத்த வங்கி ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கடையின் கணக்கில் வைக்கிறது. இதற்கு எம்டிஆர் என்று பெயர். அதை ஏற்க வேண்டியவர் கடைக்காரர். டெபிட் கார்டைப் பொறுத்தவரை இதில் ஐயத்துக்கே இடமில்லை. டெபிட் கார்டில் வாங்குவோரிடம் விலையின் சதவீதமாகக் கட்டணம் வாங்குவது நியாயப்படுத்த முடியாதது, வங்கிக்கும் கடைக்கும் உள்ள ஒப்பந்தப்படி அனுமதிக்கப்படாதது, அப்படி வாங்கும் கடையுடன் வங்கி உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி எழுதியிருக்கிறது. 2017 டிசம்பரில் எம்டிஆருக்குப் புதிய உச்சவரம்பு கொண்டுவந்த சுற்றறிக்கையும், டெபிட் கார்டு எம்டிஆரை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வங்கிகளிடம் கொடுத்தது.

அந்த உச்சவரம்பையும் பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதிகபட்சம் 200 ரூபாய். அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90 சதவீதம், அதிகபட்சம் 1,000 ரூபாய். உங்கள் 41,820 ரூபாய்க்குப் பெரிய கடையாகவே இருந்தாலும் வங்கி பிடித்திருக்கக்கூடிய உச்சத் தொகை 376 ரூபாய் 38 காசு, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 444 ரூபாய் சொச்சம். உங்களிடம் வாங்கியதோ 820 ரூபாய்.

ஆகஸ்ட் 3, சற்று நேரம் கழித்து

கேட்க விட்டுப்போனது: உங்கள் டெபிட் கார்டு ரூபே கார்டா? ரூபே என்றால் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் பூஜ்யம். 820 ரூபாயும் முழுமையாகக் கல்லாவுக்குப் போயிருக்கிறது.

ஆகஸ்ட் 4

ரூபே கார்டுதான் என்று பதில் வந்திருக்கிறது. பிறகென்ன, வங்கி வாங்காத கட்டணத்தை வங்கியின் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள்.

கிரெடிட் கார்டானாலும் இதே பதில்தானா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கதை வேறு. கிரெடிட் கார்டு எம்டிஆருக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. கடைக்கும் வங்கிக்கும் பேச்சில் முடிகிற விகிதம் அது. கடையின் வியாபார அளவு, பொருளின் வகை, கார்டின் தரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். வங்கி பிடிக்கும் தொகையில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கும், மிச்சம் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலைப்பின்னலுக்கும் மிஷின் கொடுத்த வங்கிக்கும் போகின்றன. கார்டுக்காரர் பெருமையாகச் சொல்லும் ரிவார்டு பாயின்டுகளுக்கும், வட்டியில்லாமல் கிடைக்கும் நாற்பது ஐம்பது நாள் அவகாசத்துக்குமான செலவில் நல்ல பகுதி இங்கிருந்துதான் வருகிறது. ஆகவே கடைக்காரருக்குச் செலவு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

என்னிடம் கணக்குக் கொடுக்கும் மொபைல் கடை ஒன்றின் செட்டில்மென்ட் அறிக்கையில் ஒரு வரி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். கிரெடிட் கார்டில் 25,000 ரூபாய் விற்பனை, எம்டிஆர் 1.75 சதவீதம் என்ற கணக்கில் 437 ரூபாய் 50 காசு. அதற்கு ஜிஎஸ்டி 78 ரூபாய் 75 காசு. மறுநாள் கடையின் கணக்கில் விழுவது 24,483 ரூபாய் 75 காசு. அந்த போனில் கடைக்கு நிற்கும் லாபமே ஆயிரத்துச் சொச்சம்தான் என்னும்போது, ஐந்நூறு ரூபாய் போனால் கடைக்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும். மிஷினுக்கு மாத வாடகை தனி.

ஆகஸ்ட் 6

நேற்றைய விவாதத்தில் ஒருவர், "ஜிஎஸ்டியும் சேர்த்துத்தானே வங்கி பிடிக்கிறது, அதனால் இரண்டு சதவீதம் கேட்பது கணக்குக்குச் சரியாகத்தான் வருகிறது" என்று எழுதியிருந்தார். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதில்தான் இந்த விஷயத்தின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அதே போனுக்குக் கடைக்காரர் இரண்டு சதவீதம் சேர்த்து 25,500 ரூபாய்க்குக் கார்டைத் தேய்க்கிறார் என்று வையுங்கள். எம்டிஆர் 446 ரூபாய் 25 காசு, அதன்மேல் ஜிஎஸ்டி 80 ரூபாய் 33 காசு. கணக்கில் விழுவது 24,973 ரூபாய் 42 காசு. பார்ப்பதற்கு 26 ரூபாய் குறைவது போலத் தெரிகிறது. ஆனால் வங்கிக்குக் கட்டிய அந்த 80 ரூபாய் 33 காசை, வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் கடைக்காரர் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். அந்த வரியைப் பதிவு செய்பவன் நான்தான். ஆகவே அவருக்கு உண்மையில் கிடைப்பது 25,053 ரூபாய் 75 காசு. விலையைவிட 53 ரூபாய் 75 காசு மிச்சம்.

இனி அடுத்த படி. விற்பனையோடு சேர்த்து வாங்கும் இதரச் செலவுகளும் பொருளின் மதிப்பில் சேரும் என்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு. அந்த 500 ரூபாயை நேர்மையாக பில்லில் காட்டினால், மொபைலுக்குரிய 18 சதவீத வரி அதற்கும் உண்டு. 500 ரூபாய்க்குள் அடங்கும் வரி 76 ரூபாய் 27 காசு. அதைக் கட்டினால் 53 ரூபாய் 75 காசு லாபம், 22 ரூபாய் 52 காசு நட்டமாக மாறிவிடுகிறது.

பில்லில் போடாவிட்டால் லாபம், போட்டால் நட்டம். ஸ்லிப்பில் ஒரு தொகையும் பில்லில் வேறொரு தொகையும் ஏன் வருகின்றன என்று கேட்டவருக்கு இதைவிடத் தெளிவான விடையை என்னால் சொல்ல முடியாது. (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடைக்காரருக்கு உள்ளீட்டு வரி கிடையாது, அவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.)

ஆகஸ்ட் 9

கடை வைத்திருக்கும் ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார்: "ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்களுக்கு எல்லாம் எளிதுதான், நாலு மாதம் கல்லாவில் உட்கார்ந்து பாருங்கள்." என் அறையில் ஏசி இல்லை. மற்றபடி அவர் எழுப்பிய கேள்வி கனமானது, அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

அவர் சொல்வது இதுதான்: கார்டுச் செலவைக் கார்டுக்காரரிடம் வாங்கக்கூடாது என்றால், கடைக்காரர் அதை எல்லாப் பொருளின் விலையிலும் ஏற்றிவைப்பார். அப்போது நோட்டை எண்ணிக் கொடுக்கும் கூலித் தொழிலாளியும் சேர்ந்துதான் அந்த ஏற்றத்தைச் சுமக்கிறார். ரிவார்டு பாயின்டும் விமான நிலைய லவுஞ்சும் கார்டுக்காரருக்குப் போகின்றன. பந்தியில் உட்காராதவன் தலையிலும் இலைக் கணக்கை எழுதுவது போன்ற காரியம் இது.

நானும் இதை நேற்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் எழுதியபோது, கார்டுக்கு மேல்தொகை என்றாலே அது அடாவடி என்ற தொனியில் என் பேச்சு இருந்தது. டெபிட் கார்டுக்கு அந்தத் தொனியை இப்போதும் மாற்ற மாட்டேன். கிரெடிட் கார்டுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன். யுபிஐ என்று செலவே இல்லாத ஒரு வழி ஒவ்வொரு கையிலும் வந்துவிட்ட பிறகு, செலவுள்ள வழியைத் தானே தேர்ந்தெடுப்பவர் அந்தச் செலவை ஏற்கட்டும் என்பது கேட்கக்கூடாத கோரிக்கை அன்று. பத்தாண்டுகளுக்கு முன்பு கார்டை விட்டால் நோட்டு என்றிருந்த நிலை வேறு.

ஆனால் அந்த நியாயம் மூன்று இடத்தில் இடிக்கிறது. செலவு 1.75 என்றால் 1.75 தான் கேட்க வேண்டும்; எந்த கார்டாக இருந்தாலும் தட்டையாக இரண்டு என்பது செலவை ஈடுகட்டுவது ஆகாது. விலை பேசும்போதே சொல்ல வேண்டும். பேசி முடித்து, பெட்டியைப் பிரித்து, சார்ஜரையும் சொருகிக் காட்டிய பிறகு சொல்வது, வாங்க வந்தவர் இனித் திரும்பிப் போகமாட்டார் என்ற கணிப்பில் சொல்வது. மூன்றாவது, 6ஆம் தேதி எழுதிய பில் விவகாரம்.

நோட்டுக்குச் செலவே கிடையாது என்று கடைக்காரர்கள் பேசுவதும் முழு உண்மையன்று. நடப்புக் கணக்கில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி அதற்கும் கட்டணம் பிடிக்கிறது. எண்ணும் ஆள், கள்ளநோட்டு பயம், மாலையில் பையோடு வங்கிக்கு அலைவது எல்லாம் கணக்கில் வராத செலவுகள்.

ஆகஸ்ட் 9, பிற்பகல்

நகைக்கடையில் கார்டுக்குக் கேட்கும் இரண்டு சதவீதத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுக்கிறது. பொதுவான யுபிஐ வரம்போ 2025 ஆகஸ்ட் நிலவரப்படி ஒரு லட்சம். கல்யாண நகை வாங்குகிறவர் கடைசியில் கார்டை எடுத்தே தீருவார் என்பது கடைக்குத் தெரியும். தங்கக் காசில் லாபம் மெலிது என்ற பேச்சை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆரத்துக்கும் நெக்லஸுக்கும் சேதாரம் என்று இரட்டை இலக்கத்தில் சதவீதம் போட்டுவிட்டு, கார்டுக்கு இரண்டு சதவீதம் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்று சொல்வதை என்னால் நம்ப முடியவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஆர்டிஜிஎஸ் அல்லது நெஃப்ட் மூலம் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 10

பெட்ரோல் பங்கில் பிடிக்கும் ஒரு சதவீதத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பங்க்காரர் கேட்டு வாங்குவதன்று. பங்கின் ஸ்லிப்பில் 2,000 ரூபாய் என்றே இருக்கும், மாத ஸ்டேட்மென்டில்தான் 20 ரூபாய் சர்சார்ஜும் 3 ரூபாய் 60 காசு ஜிஎஸ்டியும் தனியாக ஏறி நிற்கும். தள்ளுபடி உள்ள கார்டென்றால் அந்த 20 ரூபாய் திரும்பி வரும், 3 ரூபாய் 60 காசு பெரும்பாலும் வராது. எரிபொருள் சர்சார்ஜ் முழுத் தள்ளுபடி என்று விளம்பரத்தில் படித்துவிட்டுக் கார்டு வாங்கியவர்கள் தங்கள் ஸ்டேட்மென்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

இங்கே லிட்டருக்கு இவ்வளவு என்று டீலர் கமிஷன் கட்டப்பட்டிருப்பதால், விலையில் ஏற்றிவைக்கும் வழியே பங்க்காரருக்கு இல்லை. 2017 ஜனவரியில், பணமதிப்பிழப்பின் சூடு ஆறாத நேரத்தில், வங்கிகள் ஒரு சதவீதம் வரை பிடிக்கப்போவதாகச் சொன்னதும் கார்டே வாங்கமாட்டோம் என்று பெட்ரோல் டீலர்கள் அறிவித்ததும், அரசு தலையிட்டு அதைத் தள்ளிவைக்கச் செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். கார்டில் கட்டினால் 0.75 சதவீதத் தள்ளுபடி என்று அரசே ஆசை காட்டிய காலம் அது. கிரெடிட் கார்டுக்கு அந்தத் தள்ளுபடியும் 2019 அக்டோபரோடு நின்றுபோயிற்று.

ஆகஸ்ட் 15

விடுமுறை நாளில் இதை எழுத வைத்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். ஜிபேயில் வரும் பணத்துக்குப் பிடித்தம் கிடையாது என்று நம்பிக்கொண்டிருந்தவர், மூவாயிரம் சொச்சத்துக்கு வந்த பணத்தில் ஐம்பது ரூபாய்க்கு மேல் குறைகிறதே என்று நேற்றிரவு போனில் கேட்டார். வாடிக்கையாளர் க்யூஆரை ஸ்கேன் செய்தது ரூபே கிரெடிட் கார்டை இணைத்த யுபிஐ கணக்கிலிருந்து. 2022 செப்டம்பரில் தொடங்கிய வசதி இது. சிறு வியாபாரிக்கு 2,000 ரூபாய் வரை பிடித்தம் இல்லை. அதற்கு மேல் கிரெடிட் கார்டுக்குரிய விகிதம். ஸ்பீக்கர் பெட்டி "மூவாயிரம் ரூபாய் பெறப்பட்டது" என்று கூவும்போது அது எந்த வழியில் வந்தது என்று சொல்வதில்லை. மறுநாள் அறிக்கையைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே "கார்டு என்றால் கூடுதல், ஜிபே என்றால் இல்லை" என்று நான் 9ஆம் தேதி பிரித்துப் பேசியதில் இந்த ஒரு சந்து திறந்திருக்கிறது. சில கடைகளில் க்யூஆருக்குப் பக்கத்திலேயே கிரெடிட் கார்டு யுபிஐ ஏற்கப்படாது என்று ஒட்டத் தொடங்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். சொல்லாமல் இரண்டு சதவீதம் வாங்குவதைவிட முன்கூட்டியே ஒட்டிவிடுவது எவ்வளவோ மேல்.

ஆகஸ்ட் 20

மற்ற நாடுகளில் எப்படி என்ற கேள்விக்குச் சுருக்கமாக. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2018 ஜனவரியில் தனிநபர் கார்டுகளுக்கான மேல்தொகையைத் தடுத்துவிட்டன. ஆனால் அங்கே கார்டு கொடுத்த வங்கியின் பங்குக்கு ஏற்கெனவே உச்சவரம்பு வைத்திருந்தார்கள் (கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம்), அதனால் கடைக்காரருக்குப் பெரிய அடி விழவில்லை. ஆஸ்திரேலியா இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. 2003இல் அங்கே மேல்தொகை கேட்க அனுமதி கொடுத்தார்கள். செலவுக்கு மேல் கேட்கக்கூடாது என்ற சட்டம் 2016இல் வந்தது. அந்த நாட்டு ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் வெளியிட்ட ஆலோசனை அறிக்கையில், மேல்தொகையையே எடுத்துவிடலாம், கூடவே வங்கிகளின் பங்கையும் குறைக்கலாம் என்று முன்மொழிந்தது.

கிரெடிட் கார்டில் வங்கியின் விகிதத்தைத் தொடாமல், சுமையைக் கடைக்காரரிடமே விட்டவர்கள் நாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபமாக எழுதிய அந்தக் கடைக்கார வாசகர் இந்த ஒரு வரியையாவது ஒப்புக்கொள்வார்.

ஆகஸ்ட் 21

ஒப்புக்கொண்டார். கார்டுச் செலவைச் சட்டப்படி கேட்க வழியே இல்லையா என்றும் கேட்டிருக்கிறார். இருக்கிறது: விலையைக் கார்டுச் செலவையும் சேர்த்தே எழுதி வையுங்கள், ரொக்கத்திலோ யுபிஐயிலோ கட்டுகிறவருக்கு அந்த அளவு தள்ளுபடியை பில்லிலேயே காட்டுங்கள். பில்லில் காட்டிய தள்ளுபடி மதிப்பிலிருந்து கழிந்துவிடும் என்பதும் அதே 15ஆம் பிரிவில்தான் இருக்கிறது. விலைப்பட்டியலில் பக்கத்துக் கடையைவிட 400 ரூபாய் கூடுதலாகத் தெரியுமே என்று அவர் சொல்லும் மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. வாங்குகிறவர்கள் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகஸ்ட் 23

ரயில் டிக்கெட் தளத்தில் ஏசி இல்லாத வகுப்புக்கு 15, ஏசி வகுப்புக்கு 30 ரூபாய் (யுபிஐ என்றால் 10, 20) வசதிக் கட்டணம் வருகிறதே என்றும் கேட்டிருக்கிறார்கள். எந்த வழியில் கட்டினாலும் உண்டு என்பதால் அதை கார்டு மேல்தொகை என்று சொல்ல முடியாது. அரசு அலுவலகங்கள் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவதைக் கைவிட வேண்டும் என்று மத்திய அமைச்சரவை 2016 பிப்ரவரியில் முடிவெடுத்ததை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 24

மடிக்கணினி வாசகருக்கு, புகார் கொடுக்கும் முறை. நீங்கள் கையில் வைத்திருக்கும் சார்ஜ் ஸ்லிப்பின் தலையில் ஒரு வங்கியின் பெயர் இருக்கும். அது உங்கள் வங்கி அன்று. கடைக்கு மிஷின் கொடுத்த வங்கி. அதன் கீழே எம்ஐடி, டிஐடி என்று இரண்டு எண்கள் இருக்கும். கடையையும் மிஷினையும் அடையாளம் காட்டுபவை அவை. அந்த வங்கிக்கும் உங்கள் வங்கிக்கும் சேர்த்தே எழுதுங்கள். ஸ்லிப்பையும் பில்லையும் ஒரே படத்தில் தெரியும்படி அருகருகே வைத்து எடுத்து இணையுங்கள். இரண்டு தொகைகளும் வேறு வேறாக இருப்பதே உங்கள் சாட்சி. ஸ்லிப்பை இன்றே படம் பிடித்துவிடுங்கள், அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனுக்குப் போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்து வையுங்கள்.

செப்டம்பர் 7

வங்கியிடமிருந்து வந்த பதிலை மடிக்கணினி வாசகர் இங்கே பகிர்ந்திருக்கிறார். அந்த 820 ரூபாய் கார்டுக் கட்டணமே இல்லையாம். மென்பொருள் ஏற்றிக் கொடுத்ததற்கான "இன்ஸ்டலேஷன் சார்ஜ்" என்று கடைக்காரர் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். விலையின் இரண்டு சதவீதத்தோடு காசு பிசகாமல் ஒத்துப்போகும் இன்ஸ்டலேஷனை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

மறுத்து வாதாட வேண்டாம். கடைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, 820 ரூபாய் சேவைக்குக் கடையின் ஜிஎஸ்டி எண்ணுடன் தனி பில் கொடுக்கும்படி கடைக்கு எழுதுங்கள். வங்கிக்கும் நகல் அனுப்புங்கள். பில் கொடுத்தால் மறைத்த தொகைக்கு வரி கட்டியாக வேண்டும். கொடுக்காவிட்டால், அவர் வங்கிக்கு எழுதிய கடிதத்தையும் உங்கள் கோரிக்கையையும் சேர்த்து ஓம்புட்ஸ்மனுக்கு அனுப்பிவிடுங்கள்.